ஒட்டுமா என்று கேட்டவள்

என் அண்ணனை நான் வெறுக்கிறேன். என்னுடைய இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று, நான்கு வருடமாக அவன் வயிற்றுக்குள் இருந்து வேலை செய்கிறது. இரண்டுமே உண்மை.

ஆனால் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் அந்த வெறுப்பு அல்ல. ‘என்னிடம் வெறுப்பே கிடையாது’ என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். அவள் நம்பியதால் அவளுடைய தம்பி செத்துப்போனான்... அதனால் செத்துப்போயிருக்கலாம். இந்தப் ‘போயிருக்கலாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றரை வருடமாகச் சோறு தின்கிறேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்னுடையது. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை. கணவர் இறந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரே மகன், ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், சரிதான். கூடப்பிறந்த அண்ணனை ‘அவன்’ என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். நேரில் ‘வாங்கண்ணா’, ‘சொல்லுங்கண்ணா’தான். மனதுக்குள் பதினேழு வருடமாக ‘அவன்’தான்.

ஏன் வெறுத்தேன்? சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மஞ்சள் பைக்காக.

என் மகனுக்கு மூன்று வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தவேண்டும். அது அவனுக்கு உரிய மரியாதை. அதில் கை வைத்தால் உறவு முறிந்துபோகும். அன்றைக்கு ராசிபுரத்திலிருந்து அண்ணன் வரவேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று என் கணவரின் அண்ணன் குழந்தையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி காதைக் குத்தி முடித்த நிமிடத்தில், கையில் சீர்த்தட்டோடு அண்ணன் வந்து நின்றான். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தட்டைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். நான்கு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பிறகு என் கணவர் இறந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தார். காலையில் வேலைக்குப் போனவரை மத்தியானம் கொண்டுவந்து கிடத்தினார்கள். நெஞ்சுவலி என்றார்கள்.

கணவன் இறந்தால் மனைவியின் உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்தவேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். ‘உனக்கு நாங்கள் இருக்கிறோம்’ என்று பிறந்த வீடு சொல்வது அது. அது வராமல் பிணத்தை எடுப்பதில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அண்ணன் வந்தான்... புதுச்சத்திரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான்! கோடிச் சேலையை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். காது குத்தில் தன்னை அவமானப்படுத்திய பெரியவர் நேரில் வந்து அழைத்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

“எழவு ஊட்டுக்கு யாருங்க வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புடுவாங்க?” என்று என் கணவரின் அண்ணன் இங்கே உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரை யாரும் கடக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஐஸ் பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி என் சேலையை நனைத்தது. இரண்டு மணி வரைக்கும் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாள் கடைக்கு ஓடிப்போய் ஒரு சேலை வாங்கிவந்து என்மேல் போர்த்தினாள். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

நானே யாரையாவது அனுப்பி அவனை அழைத்திருக்கலாம். அனுப்பவில்லை. ‘தானாக வரட்டும், பார்க்கலாம்’ என்று இருந்தேன். கட்டினவன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீம்பு பிடித்தேன்... நம்புவீர்களா?

அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தது அது. வெறுப்பு.

அதைப் பற்றி எப்படிச் சொல்வேன்! எனக்கு அதன்மேல் ஒரு பிரமிப்பே உண்டு. காய்ச்சல் வந்தால் ஒரு வாரத்தில் போகிறது. துக்கம்கூட, உண்மையைச் சொல்கிறேன், நான்கைந்து வருடத்தில் தேய்ந்துபோயிற்று. என் கணவரின் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடமாட்டேன் என்கிறது. ஆனால் நான் கண்ணால் பார்த்தே இராத அந்த மஞ்சள் பை... அது எனக்குத் தெரியும். அதன் காது எங்கே நைந்திருக்கிறது, சேலையின் ஓரம் எப்படி வெளியே தெரிகிறது, அதன்மேல் அவன் கை எப்படிக் கிடக்கிறது, எல்லாம் தெரியும். பார்க்காத ஒன்றை இத்தனை துல்லியமாக வரைந்து வைத்திருக்கிறதே, இந்த வேலையை எனக்குள் இருந்து செய்தது யார்? நானா? எட்டாம் வகுப்பில் ஒரு மாம்பழம் வரையத் தெரியாமல் டீச்சரிடம் குட்டு வாங்கியவள் நான்.

ஊருக்காக அண்ணனும் நானும் பிறகு பேசிக்கொண்டோம். சொந்தக்காரர்கள் கூடிச் சேர்த்துவைத்தார்கள். பொங்கலுக்கு வருவான், அவன் தோட்டத்தில் விளைந்த மரவள்ளியை, எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கை, கொண்டுவந்து வாசலில் இறக்குவான். “நல்லாருக்கயா அம்முணி?” என்பான். “நல்லாருக்கறனுங்கண்ணா” என்பேன். மஞ்சள் பையைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவன் போனதும் அந்தக் கிழங்கை வேகவைத்துத் தின்பேன். நன்றாகத்தான் இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. சர்க்கரை. வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் முட்டை வெந்துகொண்டிருக்கும்போது அண்ணன் மனைவி வந்து நின்றாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம்.

“உட்காருங்க நங்கை.”

“உட்கார வரலீங்க. உங்கண்ணன் கேக்கச் சொல்லலீங்க, அவரு கேக்கவும் மாட்டாரு. நானாத்தான் வந்தேன். எனக்கும் சர்க்கரை, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. மவனோட ரத்தம் சேரலை.”

வெந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்துவிட்டார்கள். அவளை அனுப்பினால் போதும் என்று, “டெஸ்ட்டு எடுத்துப் பாக்கலாமுங்க” என்றேன். பொருந்தாது என்று நிச்சயமாக நம்பினேன். எங்கள் இருவருக்கும் என்னதான் பொருந்தியது, இது பொருந்த?

பொருந்தியது! சாதாரணமாக அல்ல, கூடப்பிறந்தவர்களிலேயே இவ்வளவு நன்றாக அமைவது அபூர்வம் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

யோசித்துப் பாருங்கள். பதிமூன்று வருடமாக நான் ஒருவனை மனதால் விலக்கி விலக்கி வைத்திருக்கிறேன். என் சதைக்கு அந்தச் செய்தியே போகவில்லை. ஒரே தாய் வயிற்றில் கிடந்தது மட்டுந்தான் அதற்கு ஞாபகம்.

பிறகு ஏன் கொடுத்தேன்? இதைத்தான் நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன், அரிசி களையும்போது, பஸ்ஸில் போகும்போது, கோயிலில் நிற்கும்போது. பாசமா? இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயமா? கொஞ்சம். இனி ஆயுசுக்கும் அவன் என் முன்னால் நிமிர்ந்து நிற்கக்கூடாது என்ற எண்ணமா? ஆமாம், அது நிறையவே இருந்தது. அதற்கும் கீழே வேறு ஏதோ ஒன்று இருந்தது. அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு பயந்தான். கத்தி, மயக்க மருந்து எதற்கும் பயப்படவில்லை. வெறுப்போடு கொடுத்தால் அது ஒட்டுமா என்று பயந்தேன். திட்டிக்கொண்டே வைத்த சோறு உடம்பில் ஒட்டாது என்பார்களே, அதுபோல. குலதெய்வக் கோயிலுக்குப் போய், ‘ஒரே ஒரு நாளைக்கு மட்டும் இதை என்னிடமிருந்து எடுத்துக்கொள், ஆபரேஷன் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடு’ என்று வேண்டினேன். வேண்டிவிட்டுத் திரும்பி வரும்போதே அது பத்திரமாக என்னோடு இருந்தது. யாரையாவது கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? டாக்டரிடம் கேட்டால் பைத்தியம் என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து என்னை விசாரித்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பணத்துக்காக இல்லையே என்று உறுதிசெய்துகொள்ளும் விசாரணை. கேமராவில் பதிவும் செய்தார்கள்.

“எதுக்கும்மா குடுக்கறீங்க?”

“பாசமுங்க” என்றேன்.

மூவரும் தலையசைத்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் முதல் பொய். எத்தனை சுலபமாக வந்தது!

மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் என் காதுப் பக்கம் குனிந்தாள். “உங்க கிட்னி ஒட்டியாச்சுங்கக்கா. அங்க ரத்தக்குழாயில இணைச்சதும் டேபிள்லயே யூரின் வந்துருச்சு” என்றாள்.

அப்படியே கிடந்தேன். இடுப்பில் தீ வைத்த மாதிரி வலி. அந்த வலிக்கு நடுவே முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே தேடிப் பார்த்தேன். இருக்கிறதா? இருந்தது. அறுத்து எடுத்ததோடு சேர்ந்து அதுவும் போகவில்லை. பதிமூன்று வருடம் எப்படி இருந்ததோ, ஒரு மாற்றுக் குறையாமல் அப்படியே இருந்தது. அங்கேயோ, அடுத்த அறையில் என் சதை அவன் ரத்தத்தை அலசிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மெல்ல நடந்துபோய்க் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். முகத்தில் மாஸ்க். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. கும்பிடுகிறாயா, கும்பிடு, அன்றைக்கு அந்தப் பெஞ்சை விட்டு எழுந்தாயா? அப்படித்தான் நினைத்தேன். அதே நேரத்தில் என் கண், கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் விழுந்தது. முக்கால் பை மூத்திரம். வெளுத்த மஞ்சள், தெளிவான தண்ணீர். ஒரு வருடமாகச் சொட்டுக்கூட வராமல் கிடந்தவன்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணனை அல்ல... அந்தப் பையை.

ஒரு மனுஷிக்குள் இத்தனை இடம் இருக்கிறதா! ஒரே கண்ணால் ஒருவனை வெறுக்கவும், அவன் மூத்திரத்தைக் கண்டு சாமி கண்ட மாதிரி நிற்கவும் முடிகிறதா? ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடும் என்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதுவும் எதையும் தள்ளவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அன்றைக்கே இதை யாரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஊருக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். நங்கை என்னை “எங்க குலசாமி” என்றாள். பஸ்ஸில் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “அண்ணனுக்கு உசுரையே குடுத்த மவராசி” என்றார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பதிமூன்று வருடம் தாலியறுத்தவள் என்று ஓரமாக நின்றவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்குப் பிடிக்காது?

ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது பரிசோதனைக்குப் போகவேண்டும். அண்ணனும் நானும் சேர்ந்தே போவோம். அங்கே தானம் கொடுக்கத் தயங்குகிறவர்களை அந்த நர்ஸ் என்னிடம் அனுப்புவாள். “இந்த அக்காகிட்டக் கேளுங்க” என்பாள். வலிக்குமா, வேலை செய்ய முடியுமா, பாரம் தூக்கலாமா என்று கேட்பார்கள். நான் பெரிய டாக்டர் மாதிரி பதில் சொல்வேன்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள், லிஃப்ட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவளை என்னிடம் கொண்டுவந்து உட்கார வைத்தாள் நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். சங்ககிரியிலிருந்து வந்திருந்தாள். மில் வேலைக்குப் போகிறவள்; பஞ்சுத் தூசி முடியில் ஒட்டியிருந்தது. தம்பிக்குக் கொடுக்கவேண்டும், பொருத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்றாள். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. பாரம் தூக்குவதைப் பற்றிக் கேட்கவில்லை. கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு என்ற தம்பியக் கண்டாலே ஆகாதுங்க. குடிச்சுப்போட்டு எங்கம்மாள அடிப்பானுங்க. அம்மா சாகறவரைக்கும் அடிச்சான். இந்த மனசோட குடுத்தா... அது ஒட்டுமாங்கக்கா?”

நான் யாரிடமும் கேட்கத் துணியாத அதே கேள்வி! அதை இவள் முன்பின் தெரியாத ஒருத்தியிடம், பட்டப்பகலில், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். அவள் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு நின்றுபோகிறது.

என்ன சொல்லியிருக்கவேண்டும் நான்? ‘ஒட்டும் சாமி. எனக்கும் எங்கண்ணனக் கண்டா ஆகாது. இப்பவும் ஆகாது. ஆனாலும் ஒட்டிக்கிச்சு’. இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆனால் நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். எதிர்ப் பெஞ்சில் இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இரண்டு கையிலும் டீயோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். மவராசி பட்டம் என் தலைமேல் இருந்தது. அதைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.

“எனக்கு அப்படியெல்லாம் ஒன்னும் இருந்ததில்லீங்க அம்முணி. எங்கண்ணன்னா எனக்கு உசுரு. பாசத்துல குடுத்தேன், ஒட்டிக்கிச்சு. மனசு சுத்தமா இருக்கோணுமில்ல” என்றேன்.

அவள் கையிலிருந்த பட்டை அசையாமல் நின்றது.

“ஆமாங்க... நீங்க புண்ணியம் பண்ணவங்க” என்றாள். எழுந்து, அண்ணனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கல் என்று அண்ணனிடம் குறை சொன்னேன்.

ஒரு வருடம் அவளை மறந்தே போனேன். இப்படி மறந்தேன் என்பதும் கணக்கில் சேரவேண்டும்.

அடுத்த வருடப் பரிசோதனையில் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது, இரண்டின் வேலையையும் அதுவே செய்கிறது என்று டாக்டர் திரையில் காட்டினார். கறுப்புத் திரையில் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று. நாற்பத்தேழு வயதில் எனக்குள் ஒன்று வளர்ந்திருக்கிறது! யாரும் அதனிடம் கேட்கவில்லை, யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஒன்று போனது தெரிந்து, தானே பெருத்துக்கொண்டது. அந்த வியப்போடு வெளியே வந்து நர்ஸிடம் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, “போன வருசம் சங்ககிரிப் பொண்ணு ஒன்னு வந்துச்சே, குடுத்துருச்சுங்களா?” என்று கேட்டேன்.

“அதுங்களா? கடைசில வேண்டாம்னு போயிருச்சுங்கக்கா. என்ற மனசு சுத்தமில்ல, நான் குடுத்தா அவன் ஒடம்புக்கு ஆகாதுன்னு ஒரே அழுகை. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. அந்தத் தம்பி தை மாசம் தவறிட்டாருங்க.”

அவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். எந்த வார்த்தையை யாரிடமிருந்து அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனாள் என்று, அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தும் நர்ஸுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

‘மனசு சுத்தமா இருக்கோணுமில்ல.’ என் வாயிலிருந்து வந்தது. என் மனதில் இருந்த குப்பைக்கு ஒரு வண்டி போதாது. அப்படிப்பட்ட நான் அவளிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசினேன்.

வெறுப்பு யாரையும் கொல்லவில்லை. அதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். என் வெறுப்பு ஒரு ஆளைப் பிழைக்க வைக்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அவளுடைய வெறுப்பும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். அது இல்லை என்று நான் சொன்னதுதான் அவளைத் தடுத்தது. உலகத்தில் தனக்கு மட்டுந்தான் இந்த அழுக்கு என்று அவளை நம்ப வைத்துவிட்டேன்.

போய் அவளைப் பார்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. தினமும் ஒரு சாக்கு இருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, காலையில் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்கு, மலையடிவாரத்தில் லாரிப் பட்டறைக்குப் பின்னால் வீடு என்று சொல்லியிருந்தாள். மில்லுக்குப் போகிற பெண், தம்பி கிட்னி கெட்டு இறந்தது என்று விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். சுமதி என்பது அவள் பெயர். அதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓட்டு வீடு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்கக்கா, அண்ணன் நல்லாருக்காருங்களா?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நின்றுகொண்டு பேச முடியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன். சொன்னேன். மஞ்சள் பையைச் சொன்னேன். ஐஸ் பெட்டியைச் சொன்னேன். மூத்திரப் பையைக் கும்பிட்டதைச் சொன்னேன். இன்றைக்கும் அவனைக் கண்டால் எனக்கு ஆகாது, அன்றைக்கு உன்னிடம் சொன்னது பொய் என்று சொன்னேன்.

அவள் பாதியில் குறுக்கிடவில்லை. பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“அப்ப வெறுப்போட குடுத்தாலும் ஒட்டுங்களா?” என்றாள்.

“ஒட்டும் சாமி.”

“ம்” என்றாள். வாளியில் ஊறிய துணியைப் பார்த்தாள். “நீங்க அப்படிச் சொன்னதுனாலதான்னு சொல்லமாட்டனுங்க. இல்லைன்னும் சொல்லமாட்டேன்.”

எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. ஏதாவது திட்டமாட்டாளா என்று பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னை வெறுத்தால்கூட நிம்மதியாக இருக்கும் என்று தோன்றிற்று. நான் அதை எதிர்பார்ப்பது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்:

“இப்ப எனக்கு யாரு மேலயும் வெறுப்பு இல்லீங்கக்கா. அவன் மேலயும் இல்ல. தேடித் தேடிப் பாக்கறேன், காணோம். அது இருந்தப்ப அவனும் இருந்தானுங்க. காலைல எந்திரிச்சதும் இவன் எப்பத் தொலைவான்னு நெனைப்பேன். அப்படியாவது தெனமும் நெனைச்சேன். இப்ப எதைச் சொல்லி நெனைக்கறதுன்னு தெரியல.”

டீ போட்டுக்கொடுத்தாள். குடித்தேன். மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவளிடம் இன்னும் ஒன்றைக் கேட்டு வாங்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன். அவளும் திரும்ப வாருங்கள் என்று சொல்லவில்லை.

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

“எங்க இருக்கற அம்முணி? ஊட்டுக்கு வந்தா பூட்டியிருக்குது. கெழங்கு கொண்டாந்தேன், வாசல்ல வெச்சுட்டு வாரேன். சாப்புட்டயா?”

அந்தக் குரலைக் கேட்டதும் வழக்கம்போல அது எழுந்தது. நெஞ்சுக்குக் கீழே, தெரிந்த இடத்தில், தெரிந்த சூட்டோடு. முதல் முறையாக அதை நான் தள்ளிவிடப் பார்க்கவில்லை. இவன் இருக்கிறான், அதனால் இது வருகிறது என்று நினைத்தேன்.

“சாப்புட்டனுங்கண்ணா” என்றேன்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். மலை பின்னால் போகும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளை, ‘எங்க இருக்கற, சாப்புட்டயா’ என்று அழைத்துக் கேட்க அவளுக்கு ஆகாத அந்த ஒருவனும் இல்லை.